லைசன்ஸ் காசு கட்டும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் ரீவி லைசன்ஸ் கட்டி வாழும் தமிழ் உறவுகள் அனைவருக்கும்,



1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரவும் தடை. இரவு ஒன்பது மணியானால் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐயா சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்துவார். தம்பி பெடலைக் கையால் சுற்றுவான். டைனமோவில் தொடங்கும் வயர் றேடியோவில் போய் முடியும். ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. தம்பியின் கை களைத்தால் றேடியோவின் குரலும் களைத்துவிடும். பக்கத்து வீட்டு ஆச்சி, "நிப்பாட்டாதை ராசா, சுத்து" என்று கெஞ்சுவா. குண்டு எங்கே விழுந்தது, பாதை திறந்ததா, கப்பல் வருமா என்று அறிய அயல் முழுவதும் அந்த விறாந்தையில் குந்தியிருக்கும். ஆனந்தி சூரியப்பிரகாசம் வாசித்தால் வீட்டுக்குள் ஒரு சொந்தக்காரி வந்து கதைப்பதுபோல இருக்கும்.

அந்தக் குரலுக்கு லண்டனில் என்ன சம்பளம் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. இன்று நான் லண்டனில் இருக்கிறேன். என் வங்கிக் கணக்கில் இருந்து மாதாமாதம் லைசன்ஸ் காசு போகிறது. அன்று கேட்கத் தோன்றாததை இன்று உங்களோடு சேர்ந்து கேட்க விரும்புகிறேன்: பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு ஒலிபரப்பு நிறுவனம் தன் புகழ்பெற்ற குரல்களுக்கும் முகங்களுக்கும் எவ்வளவு கொடுக்கலாம்?

இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. பிபிசியை நடத்தும் அரச பட்டயம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் எந்தப் பணத்தில், எந்த விதிகளின்படி நடக்கும் என்பது அதற்குள் முடிவாக வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை அளவில் வரும் வாய்ப்பு இது. எங்கள் ஆட்கள் இதில் வாய் திறப்பது குறைவு. கோயில் திருவிழாவுக்கு வீதி மறிக்க நகரசபையிடம் அனுமதி கேட்கத் தெரிந்த எங்களுக்கு இது தெரியாத வேலையல்ல.

எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சு எப்படி எழும் என்று எனக்குத் தெரியும். பிறந்தநாள் விழாவிலோ செத்தவீட்டிலோ ஒருவர் தொடங்குவார்: "பந்தடியைப் பற்றிக் கதைக்கிறதுக்கு அந்த ஆளுக்குப் பதின்மூன்றரை இலட்சம் பவுணாம். நாங்கள் ஏன் கட்டவேணும்?" அவர் சொல்வது கரி லினேக்கரை. 'மட்ச் ஒஃப் த டே' நிகழ்ச்சியை 2025 மே வரை நடத்தியவர். தொகையும் சரியானதே. அதற்கு முன்பு அவருக்கு 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் கிடைத்தது. 2020இல் குறைக்க ஒப்புக்கொண்டு 13 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு வந்தார்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாட்டில் ஏறத்தாழ 2 கோடி 40 இலட்சம் உரிமங்கள் உண்டு. 2025 ஏப்ரலில் ஒரு உரிமத்தின் விலை 174 பவுண் 50 பென்ஸ் ஆனது. லினேக்கரின் சம்பளத்தில் உங்கள் வீட்டுப் பங்கு ஆண்டு முழுவதற்கும் ஆறு பென்ஸ் கூட வராது. அவருக்கு ஒரு சதமும் கொடுக்காமல் விட்டிருந்தாலும் எவருடைய கட்டணமும் குறைந்திராது. அப்படிக் குறையும் என்று சொல்லும் பத்திரிகைகள் எங்கள் கோபத்தை வேறு ஏதோ வேலைக்குப் பயன்படுத்துகின்றன. அதனால் இந்த மடலில் காசு மிச்சம் பிடிக்கும் கதையை நான் சொல்லப்போவதில்லை.

நான் கேட்பது நியாயத்தைப் பற்றி. லைசன்ஸ் காசு நெட்ஃபிளிக்ஸ் காசு போன்றது அன்று. நெட்ஃபிளிக்ஸ் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். நேரலையாக எந்தச் சனலைப் பார்த்தாலும், எங்கள் தமிழ்ச் சனல்களை நேரலையில் பார்த்தாலும், இந்த நாட்டில் லைசன்ஸ் வேண்டும். இல்லாமல் பார்ப்பது குற்றவியல் குற்றம். ஆயிரம் பவுண் வரை தண்டம் விதிக்கலாம். இந்தக் குற்றத்துக்காகத் தீர்ப்புப் பெறுபவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். பகலில் வீட்டில் இருப்பவள், கதவைத் திறப்பவள், பிள்ளைகளோடு தனியாக வாழ்பவள் அகப்படுகிறாள். 75 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இருந்த இலவச உரிமம் 2020 ஓகஸ்டில் நின்றது. இப்போது பென்ஷன் கிரெடிட் எடுப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. எங்கள் அம்மாமார் பலருக்கு அந்தப் படிவத்தை நிரப்பத் தெரியாது. உரிமை இருந்தும் கேட்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்.

நீதிமன்றத்தைக் காட்டித் திரட்டும் காசை, "சந்தையில் இதுதான் விலை" என்ற ஒரே பதிலோடு செலவழிக்க முடியாது. என் வாதம் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

2017 ஜூலை 19 அன்று பிபிசி முதன்முறையாக, 150,000 பவுணுக்கு மேல் வாங்கும் நட்சத்திரங்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. விரும்பி வெளியிடவில்லை. இப்போதைய பட்டயத்தின் நிபந்தனை அது. 450,000 பவுணுக்கு மேல் வாங்குவோரை மட்டும் காட்டினால் போதும் என்றுதான் அரசு முதலில் சொல்லியிருந்தது. பிரதமரின் சம்பளத்தை ஒட்டி 150,000 என்று பிறகு இறக்கினார்கள். பட்டியலில் 96 பெயர்கள். ஆண்கள் 62, பெண்கள் 34. உச்சியில் வானொலி இரண்டின் காலை நிகழ்ச்சி நடத்திய கிறிஸ் எவான்ஸ், 22 இலட்சம் பவுணுக்கு மேல். பெண்களில் உச்சியில் குளோடியா விங்கிள்மன், 450,000 முதல் 500,000 வரை. ஆணின் உச்சிக்கும் பெண்ணின் உச்சிக்கும் நடுவே நாலு மடங்குக்கும் மேல் இடைவெளி.

அன்று நம்மில் பலர் அந்தப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடினோம். ஜோர்ஜ் அழகையா. கொழும்பில் பிறந்து, கானாவில் வளர்ந்து, பிபிசியின் ஆறு மணிச் செய்தியில் வந்து அமர்ந்த தமிழர். "எங்கட ஆள்" என்று பிள்ளைகளுக்குக் காட்டிய முகம். 250,000 முதல் 300,000 வரையான படியில் அவர் பெயர் இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது. வெள்ளையரல்லாதவர்களில் அதுவே உச்சப் படி. அதே படியில் அவரோடு இன்னும் இருவர். அதற்கு மேலே ஒருவருமே இல்லை. ருவாண்டாவின் படுகொலைக் காலத்தில் ஆபிரிக்காவில் நின்று செய்தி சொன்னவர் அவர். 2014இல் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் சிகிச்சைக்கு நடுவே திரும்பத் திரும்ப அந்த நாற்காலிக்கு வந்து அமர்ந்தவர். 2023 ஜூலை 24 அன்று அவர் மறைந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சொந்தக்காரரின் சாவுபோலவே இருந்தது. அவருக்கு இன்னும் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. உச்சத்தில் இருந்தவர்களின் விலையை நிர்ணயித்தது எது என்ற கேள்வியை எனக்குள் முதலில் எழுப்பியது அந்தப் படிதான்.

பட்டியல் வந்து நாலு நாளில், பிபிசியின் பெண் அறிவிப்பாளர்களும் செய்தியாளர்களும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுத் தலைமைப் பணிப்பாளர் டொனி ஹோலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அடுத்த ஜனவரியில் சீனச் செய்திகளின் ஆசிரியர் கெரி கிரேசி அந்தப் பதவியைத் துறந்து இன்னொரு மடல் எழுதினார். அதை அவர் மேலிடத்துக்கு எழுதவில்லை. பிபிசியைக் கேட்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் எழுதினார். அதாவது உங்களுக்கும் எனக்கும். அவருடைய சம்பளம் 135,000 பவுண். அமெரிக்கச் செய்திகளின் ஆசிரியராக இருந்த ஜோன் சோபெலுக்கு 200,000க்கு மேல். கிரேசி சீன மொழி அறிந்தவர். குடும்பத்தைப் பிரிந்து பெய்ஜிங் போனவர். அந்தப் பதவியை ஏற்கும்போதே, ஆண் ஆசிரியர்களுக்குச் சமமாகத் தரவேண்டும் என்று கேட்டு வாங்கிய நம்பிக்கையோடுதான் போனார். மடலில் அவர் சொன்ன ஒன்று என் மனத்தில் நின்றுவிட்டது: தனக்குக் கூட்டிக் கேட்கவில்லை, தனக்குப் போதுமான சம்பளம் இருக்கிறது, சமமாக்குங்கள் என்றுதான் கேட்பதாகச் சொன்னார். 2018 ஜூனில் பிபிசி மன்னிப்புக் கேட்டு நிலுவையைக் கொடுத்தது. அந்தப் பணம் முழுவதையும் பெண்களின் சம உரிமைக்காக உழைக்கும் ஃபோசெற் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இதைவிடத் தெளிவாக விஷயத்தைக் காட்டியது சமீரா அஹமட்டின் வழக்கு. தெற்காசியக் குடும்பத்தில் இருந்து வந்த செய்தியாளர். பிபிசி செய்திகளைப் பற்றிப் பார்வையாளர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டு விசாரிக்கும் 'நியூஸ்வொட்ச்' என்ற பதினைந்து நிமிட நிகழ்ச்சியை நடத்துகிறார். ஒரு நிகழ்ச்சிக்கு அவருக்குக் கிடைத்தது 440 பவுண். பார்வையாளர்களின் கருத்துகளை வாசிக்கும் 'பொயின்ற்ஸ் ஒஃப் வியூ' என்ற நிகழ்ச்சியை ஜெரமி வைன் நடத்தினார். அதுவும் பதினைந்து நிமிடம். ஒரு நிகழ்ச்சிக்கு 3,000 பவுண். ஏறத்தாழ ஏழு மடங்கு. அந்த நிகழ்ச்சிக்கு நகைச்சுவைத் திறன் தேவை, வைன் பரவலாக அறியப்பட்ட முகம் என்று பிபிசி வாதாடியது. இரண்டும் ஒத்த வேலை; இந்த வித்தியாசத்துக்குப் பாலினம் காரணமல்ல என்று பிபிசியால் நிறுவ முடியவில்லை என 2020 ஜனவரியில் தொழில் தீர்ப்பாயம் ஒருமனதாகச் சொன்னது.

அந்த 3,000 பவுணை வைன் மிரட்டி வாங்கவில்லை. ஒரு காலத்தில் ஒருவர் ஒரு விலையைச் சொன்னார், மற்றவர் தலையாட்டினார், பிறகு அதுவே "சந்தை விலை" ஆகிவிட்டது. மூடிய அறைக்குள் இரண்டு பேர் பேசி முடிப்பதற்குச் சந்தை என்று பெயர் வைக்க முடியாது. மரக்கறிச் சந்தையில் விலை எல்லோர் காதிலும் விழும். பக்கத்துக் கடைக்காரி என்ன விலைக்குக் கொடுக்கிறாள் என்று தெரியும். சமீரா அஹமட்டுக்கு வைனின் விலை தெரியாது. தெரிந்த பிறகு வழக்குத் தொடுத்தார், வென்றார். பெயர்ப் பட்டியலைப் "பிறர் சம்பளத்தை எட்டிப்பார்க்கும் பழக்கம்" என்று இழிவாகப் பேசுகிறவர்களுக்கு இந்த வழக்கே என் பதில். பட்டியல் வந்த ஆறே மாதத்தில் ஆறு ஆண் அறிவிப்பாளர்கள் தங்கள் சம்பளத்தைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். பட்டியல் வராதிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்களா?

"குறைத்தால் போய்விடுவார்களே" என்ற பயத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மிளகாய் வைப்பவர்களுக்கு நாற்று மேடை தெரியும். மேடையில் நாற்று அடர்ந்து வளர்ந்தால் பிடுங்கி வேறு தறையில் நடுவார்கள். நாற்று போய்விட்டதே என்று எந்தத் தோட்டக்காரரும் அழுவதில்லை. அடுத்த விதையைத் தூவுவார். பொது ஒலிபரப்பு என்பது அந்த மேடை. எங்கள் இலங்கை வானொலியையே எடுங்கள். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது. கடல் கடந்து தமிழ்நாடு முழுவதும் கேட்ட குரல்கள். ஓர் அரச வானொலியின் ஒலிவாங்கிக்கு முன்னால் உருவான குரல்கள். அங்கே வளர்ந்த 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி பிறகு அப்துல் ஹமீதோடு சன் ரீவிக்குப் போனது. போனதால் யாருக்கு என்ன நட்டம்? மேடை இருந்தால் குரல் வரும். மேடையைப் பராமரிக்க வைத்த காசை ஒரே நாற்றைத் தக்கவைக்கச் செலவழித்தால்தான் நட்டம்.

கிறிஸ் எவான்ஸ் 2018 முடிவில் பிபிசியை விட்டு வேர்ஜின் வானொலிக்குப் போனார். பிபிசியில் அவரை ஏறத்தாழ 90 இலட்சம் பேர் கேட்டார்கள். புதிய இடத்தின் முதற் கணக்கில் ஏறத்தாழ 10 இலட்சம். அதே மனிதர், அதே குரல், அதே விடியற்காலை. மற்றவர்கள் அவரைத் தேடிப் போகவில்லை. தங்கள் சமையலறை வானொலி எந்த அலைவரிசையில் நின்றதோ அங்கேயே நின்றார்கள். 22 இலட்சம் பவுண் கொடுத்தது யாருடைய ஈர்ப்புக்கு என்று இந்த இரண்டு எண்களும் எனக்குச் சொல்கின்றன.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கென் புறூஸ் 2023 மார்ச்சில் வானொலி இரண்டை விட்டுப் போனபோது, அவருடைய நேரத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நேயர்களை பிபிசி இழந்தது. அவர் போன நிலையம் பெருகியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாட்டிலேயே அதிகம் பேர் கேட்ட நிகழ்ச்சி அவருடையது. அப்போது வானொலி இரண்டின் காலை நிகழ்ச்சியை நடத்தியவரின் சம்பளத்தில் பாதி கூட அவருக்கு இல்லை. உண்மையில் ஆட்களை இழுத்தவருக்குக் குறைவாகவும் மற்றவருக்குக் கூடுதலாகவும் கொடுத்த ஒரு முறையைப் பெறுமதி அறிந்த முறை என்று எப்படிச் சொல்வது?

லினேக்கரைப் பற்றியும் ஒன்று. 2023 மார்ச்சில், அகதிகள் பற்றிய அரசின் கொள்கையை விமர்சித்ததற்காக அவரை நிகழ்ச்சியில் இருந்து விலக்கினார்கள். அவர் சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. படகில் வந்தவர்களின் கதை எங்களுக்குத் தெரியாததா? சக அறிவிப்பாளர்கள் அவருக்கு ஆதரவாக வர மறுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை, அறிவிப்பாளரும் வர்ணனையும் இல்லாமல் இருபது நிமிடம் வெறும் பந்தாட்டக் காட்சிகள் ஒளிபரப்பாயின. முந்தைய வாரத்தைவிட ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் கூடுதலாகப் பார்த்தார்கள். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனாலும், அந்த மணி நேரத்தில் மக்கள் கூடுவதற்கு முதற்காரணம் பந்து.

நம்பிக்கையை ஒரே முகத்தில் குவிப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எலிசபெத் மகாராணியின் மறைவை நாட்டுக்கு அறிவித்தவர் ஹியூ எட்வேட்ஸ். செய்திப் பிரிவில் அதிகச் சம்பளம் வாங்கியவர். 2024 ஜூலையில் சிறுவர் துஷ்பிரயோகப் படங்கள் தொடர்பான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவர் கைதான பிறகும் சம்பளம் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. ஏறத்தாழ 200,000 பவுணைத் திருப்பித் தாருங்கள் என்று பிறகு பிபிசி கேட்க வேண்டி வந்தது. அந்தக் காசில் தண்டத்துக்குப் பயந்து கட்டியவளின் காசும் இருந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஈயில் நடந்ததை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான். ரையன் டப்ரிடி என்ற அவர்களின் முதல் நட்சத்திரத்துக்கு, வெளியே சொன்ன தொகைக்கு மேல் 345,000 யூரோ ஆறு ஆண்டுகளில் சேர்ந்திருந்தது 2023 ஜூனில் வெளிவந்தது. அதில் ஒரு பகுதி "ஆலோசனைக் கட்டணம்" என்ற பெயரில், வேறொரு கணக்கு வழியாகப் போயிருந்தது. தலைமைப் பணிப்பாளர் பதவி விலகினார். பாராளுமன்றக் குழு நாட்கணக்கில் விசாரித்தது. மக்கள் 160 யூரோ உரிமக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டார்கள்; நிறுவனத்தின் வருமானத்தில் மில்லியன் கணக்கில் பள்ளம் விழுந்தது. ஒளித்த தொகையைவிட ஒளித்ததன் விலை பல மடங்கு பெரிது. புதிதாக வந்த கெவின் பாக்ஹேர்ஸ்ட் ஒரு வரம்பு வைத்தார்: இனிமேல் எந்த அறிவிப்பாளருக்கும் தலைமைப் பணிப்பாளருக்கு மேல் சம்பளம் இல்லை. அதாவது 250,000 யூரோ.

பிபிசியில் அயர்லாந்துபோல் ஒளிப்பு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் இன்னொரு பட்டயம் எழுதக்கூடாது. நிகழ்ச்சியை பிபிசியே தயாரித்தால் அறிவிப்பாளரின் பெயர் பட்டியலில் வரும். பிபிசி ஸ்ரூடியோஸ் என்ற அதன் வணிக நிறுவனமோ வெளித் தயாரிப்பாளரோ தயாரித்தால் வராது. 2017இன் பட்டியலுக்கு அடுத்த ஆண்டே 'ஸ்றிக்ற்லி கம் டான்சிங்' போன்ற பெரிய நிகழ்ச்சிகளின் சம்பளங்கள் காணாமல் போயின. சம்பளம் நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனது. பார்க்கும் நாங்கள் ஒன்றே, சனல் ஒன்றே. இடையில் ஒரு கம்பனியின் பெயர் வந்ததும் எங்களுக்குக் கேட்கும் உரிமை இல்லாமல் போய்விடுமா? பட்டியலின் எல்லையும் பிறகு 178,000 பவுணுக்கு ஏறிவிட்டது.

தமிழோசைக்குத் திரும்புகிறேன். 1941 மே மாதம் தொடங்கிய அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று ஓய்ந்தது. அதற்கு எண்பதாவது நாள்தான் அந்தச் சம்பளப் பட்டியல் வெளிவந்தது. ஒன்றால்தான் மற்றது நின்றது என்று எழுதினால் பொய்யாகிவிடும். சிற்றலையைக் கேட்பவர்கள் குறைந்திருந்தார்கள், கைபேசி வந்துவிட்டது, தமிழ்ச் சேவை இணையத்திலும் காணொளியிலும் அப்போது வளரத்தான் செய்தது. நாங்கள் டைனமோ சுற்றிக் கேட்ட காலத்தில் தமிழோசை அடங்கிய உலக சேவைக்குக் காசு கொடுத்தது வெளிநாட்டு அமைச்சு. 2014இல் இருந்துதான் அதன் செலவில் பெரும்பங்கு லைசன்ஸ் காசின் தலையில் விழுந்தது. இதையெல்லாம் நான் அறிவேன். ஆனால் 2022 செப்டம்பரில் உலக சேவையில் 382 வேலைகளை வெட்டி, பத்து மொழிகளில் வானொலியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அரபு, பாரசீகம், இந்தி, வங்காளம், உருது. சிற்றலைக்குப் பின் எஞ்சியிருந்த தமிழ் ஒலிபரப்பும் அதில் இருந்தது. 1938இல் தொடங்கிய அரபு வானொலி 85 ஆண்டுகளுக்குப் பின் மௌனமானது. அந்த வெட்டு முழுவதிலும் மிச்சமாகும் என்று சொன்ன தொகை ஆண்டுக்கு 2 கோடி 85 இலட்சம் பவுண். அதே காலத்தில் இங்கிலாந்தின் உள்ளூர் வானொலிகளிலும், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு பல ஊர்களுக்கு ஒரே நிகழ்ச்சி என்று சுருக்கி, ஆண்டாண்டாக வேலை செய்தவர்களைத் தங்கள் வேலைக்கே மறுபடி விண்ணப்பிக்க வைத்தார்கள். அவர்களில் எவருடைய பெயரும் எந்த உச்சப் பட்டியலிலும் இருந்ததில்லை.

வெட்டு வரும்போது கீழே இருப்பவருக்கு "காசில்லை" என்கிறார்கள். மேலே இருப்பவருக்கு "சந்தை" என்கிறார்கள். ஒரே நிறுவனம், ஒரே காசு, ஒரே ஆண்டு. என் மனம் கொதிப்பது இந்த இரண்டு பேச்சையும் சேர்த்துக் கேட்கும்போதுதான்.

இதை வைத்து, அறிவிப்பாளர்களுக்கு அரை வயிற்றுச் சம்பளம் போதும் என்று யாரும் என் தோளில் துவக்கை வைத்துச் சுட வேண்டாம். சம்பளம் மெலிந்தால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே அந்த வேலைக்கு வரமுடியும். சவுத்ஹோலில் இருந்தும் ஈஸ்ட் ஹாமில் இருந்தும் வரும் பிள்ளை, லண்டன் வாடகையைக் கட்டிக்கொண்டு சம்பளமில்லாப் பயிற்சியில் ஆறு மாதம் நிற்க முடியாது. இன்று வானொலி இரண்டில் சனிக்கிழமைக் காலை பேசும் றொமேஷ் ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து நகைச்சுவைக்கு வந்தவர். அப்படி வருகிற அடுத்த பிள்ளைக்கு வாசலைத் திறந்து வைப்பது நுழைவுச் சம்பளம்தான். உச்சியில் இருந்து எடுக்கும் காசு அங்கே போகட்டும், மொழிச் சேவைகளுக்குப் போகட்டும், ஊர் வானொலிக்குப் போகட்டும்.

என் அளவுகோல் கடுமையானதல்ல. ஒரே அளவு வேலைக்கு ஒரே விலை. பிபிசியின் சனலில் வரும் எவருக்கும், தயாரித்தது எந்தக் கம்பனி என்றாலும், பட்டியலில் இடம். தலைமைப் பணிப்பாளருக்கு மேல் எந்த அறிவிப்பாளருக்கும் இல்லை. பிபிசியில் அவருடைய சம்பளமே ஐந்து இலட்சம் பவுணைத் தாண்டிவிட்டது. அந்தக் கூரைக்குள் நின்று ஒருவர் இந்த நாட்டில் நன்றாகவே வாழலாம். அதற்கும் மேலே வேண்டும் என்பவருக்குத் தனியார் நிலையங்கள் இருக்கின்றன. வாழ்த்தி அனுப்புவோம். மேடையில் அடுத்த விதை விழட்டும்.

இந்தக் கூரை அநியாயம் என்று நினைப்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். பந்தாட்டக்காரர்களுக்கு இதைவிடக் கொட்டிக் கொடுக்கிறார்களே என்பீர்கள். கொடுக்கட்டும், அந்தக் காசுக்காக யாரும் யாருடைய கதவையும் தட்டி வழக்குப் போடுவதில்லை. இன்னும் சிலர், "லைசன்ஸே வேண்டாம், முழுவதையும் நிறுத்து" என்பீர்கள். அந்த வழியில் நான் வரமாட்டேன். பக்கம் சாராத பொது வானொலி இல்லாத இடத்தில் போர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரு பக்கத்து வானொலியும் தங்கள் பக்கத்துச் செய்தியை மட்டும் சொன்ன இரவுகளில், ஒன்பதே காலுக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம்.

ஆகவே உறவுகளே, எழுதுங்கள். உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடினால் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரின் பெயர் வரும். ஒரு பக்கம் போதும். ஆங்கிலம் போதாது என்று தயங்கும் அம்மாமாரும் அப்பாமாரும் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தித் தமிழில் சொல்லுங்கள். பிள்ளை எழுதித் தரும். பட்டியலின் ஓட்டையைப் பற்றி முதலில் எழுதுங்கள். மொழிச் சேவைகளைப் பற்றி இரண்டாவதாக எழுதுங்கள். றேடியோவை எப்படிக் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சைக்கிளைச் சுற்றியது யார், விறாந்தையில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அதை வேறு எவரும் அவர்களுக்கு எழுதப்போவதில்லை.

அன்புடன்,
வடமேற்கு லண்டனில் இருந்து
உங்களில் ஒருத்தி